மூலப்பத்திரம் இல்லாத பொதி

திருமங்கலத்தில் பத்திர எழுத்தராக இருக்கும் என் அப்பா, நிலம் வாங்க வருபவரிடம் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே மூலப்பத்திரம் எங்கே என்று கேட்டுவிடுவார். டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்துக்காகத் திருக்குறள் செயலி ஒன்றைப் பொதியாக்கிய (நிறுவத் தயாரான தொகுப்பாக்கிய) நான் அதைக் கடைசியாகக் கேட்டேன். பொதியைக் கட்டி முடிக்க ஒரு மாலை போதுமாக இருந்தது. அதனுள் வைக்கும் காப்பிரைட் கோப்பை எழுத நான்கு நாட்கள் பிடித்தன.

டெபியன் கொள்கைப்படி, ஒவ்வொரு பொதியும் தன்னுள் உள்ளவற்றின் பதிப்புரிமை விவரத்தையும் உரிம வாசகத்தையும் சொல் மாறாமல் சுமந்து வர வேண்டும். ஜிபிஎல் போன்ற சில உரிமங்களின் வாசகம் டெபியன் கணினிகளில் முன்பே இருப்பதால் சுட்டிக்காட்டினால் போதும். எம்ஐடி உரிமத்தை முழுவதுமாக எழுத வேண்டும். புதிய பொதிகளைச் சரிபார்க்கும் எஃப்டிபி மாஸ்டர் குழுவினர் இதில் குறை கண்டால் பொதியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

செயலியின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் எம்ஐடி என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பி, எல்லாக் கோப்புகளையும் ஒரே நட்சத்திரக் குறிக்குள் அடக்கி ஒரு பத்தி எழுதினேன். செக்குபந்தி (நான்கு எல்லை) எழுதாமல் 'ஊரில் உள்ள நிலம்' என்று பத்திரம் எழுதுவதற்கு ஒப்பான வேலை அது. கோப்புகளில் உரிம வரிகளைத் தேடும் லைசென்ஸ்செக் கருவியும் குறை சொல்லவில்லை. அது பெரும்பாலும் நிரல் கோப்புகளின் தொடக்க வரிகளைத்தான் படிக்கிறது. சந்தேகப்பட்டு, செயலியோடு வந்த எழுத்துருக் கோப்பினுள் இருக்கும் பெயர் அட்டவணையைத் திறந்தபோது, வடிவமைத்தவரின் பெயரும் 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்ற பொருள்படும் ஆங்கில வரியும் அங்கே இருந்தன. அவருக்கு எழுதிக் கேட்டேன். தாம் ஓஎஃப்எல் 1.1 என்ற கட்டற்ற எழுத்துரு உரிமத்தில்தான் வெளியிட்டதாகவும் அந்தப் புலத்தை மாற்ற மறந்துவிட்டதாகவும் பதில் வந்தது. மின்னஞ்சலில் சொன்னால் போதாது, உரிமக் கோப்புடன் புதிய பதிப்பு வேண்டும் என்று மறுபடியும் தொந்தரவு செய்தேன். பாவம், செய்து கொடுத்தார்.

1330 குறள்களும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. (1998 முதல் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் இணையம் வழியே நடத்திவரும் பணி அது, ஊர்ப்பெயர் மட்டும் எங்களுடையது.) முகப்புப் பக்கத்தை நீக்காமல் தாராளமாகப் பகிரலாம் என்பது அவர்கள் விதிக்கும் நிபந்தனை, செயலியை எழுதியவர் நீக்கியது அந்தப் பக்கத்தைத்தான். வள்ளுவருக்குப் பதிப்புரிமை இல்லை என்றாலும், தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்தவர்களின் பெயர்களை வெட்டி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை, திரும்பச் சேர்த்துவிட்டேன்.

செயலியில் இருந்த குறள் உரையில்தான் மாட்டிக்கொண்டேன். அது 1982 இல் மறைந்த ஒருவர் எழுதியது, நாட்டுடைமையாக்கப்பட்டதாகவும் தெரியவில்லை. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் கணக்கிட்டால், 2042 முடியும்வரை உரிமை வாரிசுகளுடையது. அப்பாவிடம் சொன்னேன்.

"வாரிசு எத்தனை பேருப்பா? மூணு பேருன்னா மூணு பேரும் கையெழுத்துப் போடணும்ல" என்றார்.

ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. உரைக் கோப்பை விலக்கியதாகக் காப்பிரைட் கோப்பின் தலைப்பிலேயே குறித்து, மூலத்தை மறுபடி கட்டி, பதிப்பு எண்ணின் பின்னால் டிஎஃப்எஸ்ஜி என்று (டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளுக்காக மாற்றியது என்பதற்கு அடையாளம்) ஒட்டி அனுப்பினேன். பொதி ஏற்கப்பட்டுவிட்டது. குறளுக்குக் கீழே உரை வரவேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. அதை வழு என்று ஒருவர் நேற்றுப் பதிந்திருக்கிறார்.