சிங்க்கில் ஊற்றும் எண்ணெய் யார் வீட்டுக்குப் போகிறது?

தீபாவளி முடிந்த வாரத்தில் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட்டுப் பக்கம் பிளம்பர்கள் அடைப்பு எடுக்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வருவதை அடிக்கடி பார்க்கலாம். முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய் எங்கேயாவது போகத்தானே வேண்டும். நான் குடியிருப்பது இரண்டாம் மாடி, கீழே வாய்ட் டெக் எனும் திறந்த தரைத்தளம், அதற்கு மேல் முதல் வரிசை நாங்கள்தான். பத்தாவது மாடியில் ஒருவர் ஊற்றுவது எங்கள் சமையலறைத் தரையில் எட்டிப் பார்க்கும் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நடப்பது இதுதான். ஒரே வரிசையில் மேலும் கீழுமாக இருக்கும் வீடுகளின் சமையலறைத் தண்ணீர் எல்லாம் ஒரு பொதுக் குழாயில் நேராக இறங்குகிறது. நேராக இறங்கும் வரைக்கும் பிரச்சினை குறைவு. அடியில் அந்தக் குழாய் வளைந்து படுக்கைவாட்டில் ஓடத் தொடங்கும் இடத்தில்தான் கொழுப்பு தங்கும். அங்கே அடைத்துக்கொண்டால் மேல்வீட்டுக்காரர்களுக்கு எதுவுமே தெரியாது, அவர்கள் பாட்டுக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். தண்ணீருக்குப் போக வழியில்லாமல் பின்னால் ஏறி, இருப்பதிலேயே தாழ்வான திறப்பைத் தேடும், அதாவது கீழ்வரிசை வீட்டுத் தரையில் தண்ணீர் வடியும் துளையான ஃபுளோர் டிராப்பை. ஜல்லிமூடிக்கு அடியில் முதலில் குளுக் குளுக் என்று சத்தம் வரும். அப்புறம் சாம்பல் நிறத்தில் தண்ணீர், அதன் மேல் வெள்ளையாகக் கொழுப்புத் துணுக்குகள், நடுவே யார் வீட்டிலோ போட்ட கறிவேப்பிலை.

எண்ணெயை ஊற்றிவிட்டுப் பின்னாலேயே கொதிதண்ணீரும் விட்டால் கரைந்து போய்விடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். கரைவது நம் வீட்டுக்குள் இருக்கும் இரண்டடி குழாயில் மட்டும்தான். கீழே போகப் போக ஆறி, நெய்யும் தேங்காய்ப்பாலும் ஆட்டுக்கறிக் கொழுப்பும் சேர்ந்து குழாயின் உட்சுவரில் படியும், அதில் சோற்றுப் பருக்கையும் தேயிலைத் தூளும் மாவும் ஒட்டிக்கொள்ளும். லண்டனில் 2017இல் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் இப்படி உருவான ஒரு கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளம், சுமார் 130 டன் எடை. அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு வளைவை அடைக்க ஒரு கைப்பிடி போதும். எண்ணெயை ஆறவிட்டுக் காலிப் பால் டப்பாவில் ஊற்றி, டிஷ்யூ கொஞ்சம் திணித்து, மூடிக் குப்பையில் போடுங்கள். தட்டையும் சட்டியையும் கழுவுவதற்கு முன் ஒரு துடை. சிங்க்கில் சல்லடைமூடி. இவ்வளவுதான் வேலை. தோசைமாவு அரைத்த பாத்திரத்தின் முதல் கழுவலை அப்படியே சிங்க்கில் விடாமல், மாவை வழித்துக் குப்பையில் போட்டால் இன்னும் நல்லது.

டாய்லெட் பக்கம் வந்தால் வில்லன் வெட் டிஷ்யூ. ஃப்ளஷ் பண்ணலாம் என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்தாலும் நம்பாதீர்கள், டாய்லெட் பேப்பர் மாதிரி அது கரையாது. நாப்கின், பஞ்சு, பல்லிடுக்கு நூல் எதையும் போடக்கூடாது. புது வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று: ரெனவேஷன் ஆட்கள் சிமெண்ட் கரைத்த வாளியை ஃபுளோர் டிராப்பிலேயே கழுவி ஊற்றுவது உண்டு. அது உள்ளே இறுகினால் எந்த ரசாயனத்துக்கும் அசையாது. அவர்களிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்குவதற்கு முன் எல்லா டிராப்பிலும் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அழகுக்காகக் குழாயைப் பெட்டிபோட்டு அடைப்பவர்கள் திறந்து பார்க்க ஒரு கதவு விட்டே ஆகவேண்டும்.

சரி, அடைத்துவிட்டது, யாரைக் கூப்பிடுவது? ஒரு சிங்க் மட்டும் மெதுவாக இறங்கினால் அது பெரும்பாலும் உங்கள் வீட்டுக் கிளைக்குழாய், உங்கள் செலவு. நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் திறக்காமல் இருக்கும்போது தரையிலிருந்து ஏறுகிறது என்றால் பொதுக்குழாய், அதை புளோக்கின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றம் பார்க்கவேண்டும், அவர்களின் அவசர எண் 24 மணி நேரமும் உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் பதற்றத்தில் பிளம்பரைக் கூப்பிட்டு, தன்னுடையது அல்லாத அடைப்புக்குப் பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். தெருவிலோ பின்சந்திலோ மேன்ஹோல் பொங்கினால் அது தண்ணீரையும் கழிவுநீரையும் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் (PUB) வேலை, 1800-2255-782. தரைவீடு என்றால் வளாகத்துக்குள் இருக்கும் குழாய்கள் வீட்டுக்காரர் பொறுப்பு. பழைய வீடுகளில் மண்குழாய் இணைப்புக்குள் மரவேர் புகுந்து கிடக்கும், அதற்கு கேமரா விட்டுப் பார்ப்பதுதான் வழி. இங்கே மழைநீர்க் கால்வாயும் கழிவுநீர்க் குழாயும் வேறுவேறு, ஆகையால் கார் நிறுத்தும் இடத்து மழைத்தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் திருப்பிவிடவும் கூடாது.

தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் துடைப்பானைத் தேடாதீர்கள். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், உங்கள் வீட்டில் மட்டுமல்ல, வாஷிங் மெஷின் ஓடும் மேல்வீட்டிலும். எங்கள் மேல்வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மா) "மக்சிக், கொஞ்ச நேரம் தண்ணி திறக்காதீங்க" என்று போய்ச் சொன்னால் உடனே வரிசையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் அவரே தட்டிச் சொல்லிவிடுவார், எந்த வாட்ஸப் குழுவும் அந்த வேகத்துக்கு வராது. தண்ணீர் பிளக் பாயிண்ட்டையோ எக்ஸ்டென்ஷன் வயரையோ நெருங்கினால், நீங்கள் ஈரத்தில் நிற்காமல் மெயின் சுவிட்சை எட்ட முடிந்தால் மட்டும் அணையுங்கள். பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள்.

அடைப்பு எடுத்த பிறகுதான் சுத்தம் செய்யும் வேலை. ரப்பர் கையுறை, பூட்ஸ், முகக்கவசம், ஜன்னல் எல்லாம் திறந்து. அள்ளி எடுத்துவிட்டு முதலில் சோப்புத் தண்ணீர், தேய்த்துக் கழுவிய பிறகுதான் பிளீச், பாட்டிலில் சொன்ன அளவில் கலந்து, தரையில் பத்து நிமிடமாவது ஈரமாக நிற்கவிட வேண்டும். அழுக்கின் மேலேயே பிளீச் ஊற்றினால் வாசம்தான் மாறும், கிருமி போகாது. பிளீச்சோடு டாய்லெட் கழுவும் ஆசிடைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும். அடைப்பு நீக்கும் கரைப்பான் தூளை டிராப்பில் கொட்டியிருந்தால் பிளம்பர் கைவைப்பதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள், தெறித்தால் தோல் வெந்துவிடும். கார்ப்பெட், மெத்தை, அரிசி மூட்டை, அட்டைப்பெட்டி நனைந்திருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தூக்கிப் போடுங்கள். மரக் கேபினட்டின் அடிப்பலகையைக் கழற்றிக் காயவிடாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

கடைக்காரர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அவர்கள் சமையலறைத் தண்ணீரில் இருந்து கொழுப்பைப் பிடித்து வைக்கும் தொட்டிக்குப் பெயர் கிரீஸ் டிராப். லிட்டில் இந்தியா பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் என் மாமாவிடம் "கிரீஸ் டிராப்பை எப்ப மாமா கடைசியா அள்ளினீங்க?" என்று கேட்டேன். "வழிஞ்சா தெரியாதா?" என்றார். வழியும் வரைக்கும் காத்திருந்தால் காரியம் கெட்டது. டிராப்புக்குள் கொழுப்பு மேலே மிதக்கும், கசடு அடியில் தங்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளியேற வேண்டும். மேலும் கீழும் தடித்து நடு இடம் ஒடுங்கிவிட்டால் கொழுப்பு அப்படியே குழாய்க்குப் போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் தேதி குறித்து உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்தை வைத்து அள்ள வேண்டும். பாத்திரம் கழுவும் மெஷினின் சூடான தண்ணீரும் கொழுப்பை உருக்கிக் கடத்திவிடும். ஒருவேளை பொங்கிவிட்டால் அடுப்பை அணைத்துக் கடையைச் சாத்துவதுதான் ஒரே வழி, தண்ணீர் பட்ட உணவுப் பொருள் எல்லாம் குப்பைக்கு. கடைவீடுகளின் பின்சந்துகளில்தான் ஒரு காலத்தில் கக்கூஸ் வாளி எடுக்க ஆட்கள் வருவார்கள், அந்த வாளிமுறை 1987இல்தான் முழுசாக ஒழிந்தது. மாமாவுக்கு அந்த நாற்றம் நன்றாகவே நினைவிருக்கிறது, கிரீஸ் டிராப்பை மட்டும் மறந்துவிடுகிறார்.

கடைசியாகப் பண விஷயம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கடனோடு எடுக்கச் சொல்லும் தீக்காப்பீடு வீட்டின் கட்டமைப்புக்குத்தான், உங்கள் சோபாவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் அல்ல. தனியாக வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் குழாய் பின்னேற்றம் அதில் சேருமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள், தூக்கிப் போடுவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் படம் எடுங்கள், பிளம்பரிடம் அடைப்பு எந்த இடத்தில் இருந்தது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.