சிஎஸ்ஐஆர் நெட்: ஸ்னேர் புரதங்களை நான் படித்த விதம்

சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் லைஃப் சயின்ஸ் எழுதுகிறவர்கள் பலரும் ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் (நரம்பில் ஓடும் மின்துடிப்பு) வரை ஆர்வமாகப் படிப்பார்கள். நரம்பு முனையில் வேதிப்பொருள் வெளியேறும் இடம் வந்ததும் புரதப் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும்; அதோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். பார்ட் சி-யில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண், தப்பானால் 1 போய்விடும். அரைகுறையாகப் படித்துவிட்டுத் தொடக்கூடாத பகுதி இது.

பெயர்களை உருப்போட வேண்டாம். ஒவ்வொரு புரதத்துக்கும் எதிரே ‘இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?’ என்று ஒரு வரி எழுதிக்கொண்டு படித்தேன். கேள்வியும் அந்த ஜாடையில்தான் வரும்.

முதலில் ஸ்னேர்கள், அதாவது வேதிப்பொருளைச் சுமக்கும் வெசிக்கிள் என்ற சிறு பையை நரம்பு முனையின் சவ்வோடு இணைக்கும் புரதங்கள். சினாப்டோபிரெவின் வெசிக்கிள் சவ்வில் இருக்கும். சின்டாக்ஸினும் ஸ்னாப்-25-உம் நரம்பு முனையின் சவ்வில். முதல் இரண்டும் தலா ஒரு ஹெலிக்ஸ் (சுருள்) தரும், ஸ்னாப்-25 மட்டும் இரண்டு. நான்கும் ஜிப் போலப் பூட்டிக்கொண்டே வந்து இரு சவ்வுகளையும் ஒட்ட வைக்கின்றன. இங்கே ஒரு பொறி உண்டு: செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவாவது பூட்டுவதற்கு அல்ல, பூட்டியதை என்எஸ்எஃப் என்ற புரதம் பிரிப்பதற்கு.

அப்புறம் கால்சியத்தை உணரும் சினாப்டோடாக்மின்-1. இது இல்லாத சுண்டெலியில் வெளியேற்றம் அடியோடு நிற்கும் என்றுதான் கை குறிக்கப் போகும். நிற்காது. கால்சியம் வந்ததும் ஒரு மில்லி விநாடிக்குள் ஒருசேர நடக்கும் வெளியேற்றம் மட்டும் போய்விடும். தாமதமாக, சிதறலாக நடப்பது தொடரும். அடியோடு நிற்பது, ஸ்னேர்களோடு சேர்ந்து வேலை செய்யும் மங்க்18-1 என்ற புரதம் இல்லாத சுண்டெலியில்.

எனக்குப் பாடம் முழுவதும் பிடிபட்டது நச்சுகளைப் படித்தபோதுதான். போட்டுலினம் ஏ, ஸ்னாப்-25-ஐ வெட்டும். போட்டுலினம் பி-யும் டெட்டனஸும் சினாப்டோபிரெவினை அதே இடத்தில் வெட்டுகின்றன. ஆனால் ஒன்றில் தசை தளர்ந்துவிடும், மற்றதில் விறைத்துக்கொள்ளும். வெட்டு ஒன்றுதான், நடக்கும் இடம் வேறு. போட்டுலினம் நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்திலேயே தங்கி தசையைச் சுருங்கச் செய்யும் அசிட்டைல்கோலின் வெளியேறுவதை நிறுத்துகிறது. டெட்டனஸ் நச்சு ஆக்ஸான் என்ற நரம்பிழை வழியாகத் தண்டுவடம் வரை ஏறி, அடக்கும் நரம்பணுக்களுக்குள் புகுந்து கிளைசின், காபா என்ற அடக்கும் வேதிப்பொருள்கள் வெளியேறுவதைத் தடுக்கிறது. அடக்க ஆளில்லாத இயக்க நரம்பு ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கிறது. இதை ஒரு முறை தண்டுவடத்தோடு சேர்த்துப் படமாக வரைந்து பாருங்கள். புரதம், இடம், விளைவு மூன்றும் சேர்ந்தே நினைவில் நிற்கும்.

ஸ்னேர் கட்டோடு ஒட்டிக்கொள்ளும் காம்ப்ளெக்ஸின் என்ற புரதத்துக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டாம். அதை நீக்கினால் பழ ஈயில் தானாக நடக்கும் வெளியேற்றம் எகிறுகிறது. சுண்டெலியில் தூண்டலுக்குப் பின் வருவது குறைகிறது. எந்த உயிரியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு விடையைக் குறியுங்கள்.