ஆவணியில் ஒரு ரகம், வைகாசியில் ஒரு ரகம்

மலையடிவாரத்து வத்தலக்குண்டில் என் மச்சான் கோ-4 கம்பு நேப்பியர் என்ற மாட்டுத் தீவனப்புல்லை 45 நாளுக்கு ஒருமுறை அறுத்துக் குவிக்கிறார். அந்த ஆசையில் முந்தின வருடம் முப்பது கரணை (தண்டுத் துண்டு) வாங்கி வந்து, கொடைக்கானல் மலையில் எங்கள் பூம்பாறையில் நட்டேன். ஐந்து மாதமாகியும் முழங்கால் உயரம்தான். கம்பும் யானைப்புல்லும் சேர்ந்த ஒட்டு அது. இரண்டுமே வெயில் கேட்கிற சாதி. மார்கழியில் ஒரே இரவு உறைபனியில் கருகிப்போனது. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

சரி என்று குளிர் தாங்குகிற தீவன ஓட்ஸுக்கு மாறினேன். ஒரே அறுப்புக்குக் கென்ட் ரகம், அறுத்த கட்டை திரும்பத் தழைக்கிற மறுதாம்புக்கு யுபிஓ-212 ரகம். வைகாசித் தொடக்கம், ஆவணி நடு, கார்த்திகை என மூன்று விதைப்பு. ஒவ்வொன்றிலும் ரகத்துக்கு ஒரு சென்ட், சென்டுக்கு 400 கிராம் விதை, ஒரே அளவு மாட்டெரு.

வைகாசியில் விதைத்த கென்ட் ஆனி முடியும்வரை கண்ணுக்கு அழகு. பாதி பூத்ததும் அறுத்தால்தான் எடையும் சத்தும் சேர்ந்து கிடைக்கும் என்று காத்திருந்தேன். அதற்குள் ஆடிக் காற்று வந்து மொத்தத்தையும் பாய் விரித்தாற்போல் படுக்க வைத்துவிட்டது. அடியில் அழுகியதை மாடு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தேறியது 140 கிலோ. பக்கத்து சென்டில் யுபிஓவை 60-ம் நாளே, நான்கு விரல் கட்டை விட்டு அறுத்திருந்தேன். குட்டையாக நின்றதைக் காற்று ஒன்றும் செய்யவில்லை. இரண்டு அறுப்பில் 200 கிலோ.

யுபிஓதான் உசத்தி என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். ஆவணி விதைப்பில் அது தலைகீழானது. காற்று ஓய்ந்து, ஐப்பசி மழையும் கிடைத்ததில் கென்ட் நேராக நின்று 190 கிலோ கொடுத்தது. யுபிஓ முதல் அறுப்பில் 110. அப்புறம் மறுதாம்பு தழைக்க வேண்டிய நேரத்தில் கார்த்திகை, மார்கழிக் குளிர் பிடித்துக்கொண்டது. இரண்டாம் அறுப்பு வெறும் 55.

கார்த்திகை விதைப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இலை நுனி வெளுத்து, ஒரு சாண் உயரத்திலேயே நின்று, மாசியில் அவசரமாகக் கதிர் தள்ளியது. எந்த ரகமும் 70 கிலோவைத் தாண்டவில்லை. ஆனால் அந்த இரண்டு சென்டும் ஓடையோரப் பள்ளம். இரவில் குளிர் இறங்கித் தேங்குகிற இடம். பழியை முழுக்க மாதத்தின் மேல் போட மனம் வரவில்லை. வரும் கார்த்திகையில் மேல் படியில் விதைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பூண்டு போடுவதாக வீட்டம்மா சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு சென்டாவது கேட்டுப் பார்க்கிறேன்.