பிரிண்ட்எஃப் எங்கே இருக்கிறது? ஒரு வாய்மொழித் தேர்வு அனுபவம்

மூன்றாம் ஆண்டு ஆய்வக வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் திரையில் இருந்த, அச்சிடுவதற்கு பிரிண்ட்எஃப் என்ற செயற்கூற்றை அழைக்கும் சிறிய சி நிரலைக் காட்டி, "இந்த இயங்குகோப்புக்குள் பிரிண்ட்எஃப் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். "லிங்கர் அதை நூலகத்திலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடும், சார்" என்றேன். நிரலின் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கருவிதான் லிங்கர். "அப்படியானால் கோப்பு ஏன் 16 கிலோபைட்தான் இருக்கிறது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நூலகக் குறிமுறையை இயங்குகோப்புக்குள்ளேயே வைக்கும் நிலை இணைப்புக்கும், ஓடும்போது வெளியிலிருந்து சேர்க்கும் இயங்கு இணைப்புக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணையாக மனப்பாடம் செய்திருந்தேன். எந்த வேலையை யார், எப்போது செய்கிறார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. இந்தப் பாடத்தைப் படிக்கப் போகிறவர்கள் அந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

கம்பைலருக்கு பிரிண்ட்எஃப்பின் உடல் எங்கே என்று தெரியாது. தலைப்புக் கோப்பில் உள்ள அறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டு, ஆப்ஜெக்ட் கோப்பில் "இந்தப் பெயருக்கு இன்னும் முகவரி இல்லை" என்று குறித்து வைக்கிறது. அடுத்து வரும் லிங்கர், பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்வு நூலகத்தைத் திறந்து, அந்தப் பெயர் அங்கே இருக்கிறதா என்று சரிபார்க்கிறது. குறிமுறையை எடுத்து வருவதில்லை. தேவைப்படும் நூலகத்தின் பெயரையும், ஓடும்போது உதவப்போகும் லோடரின் பாதையையும் எழுதி வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. அதனால்தான் 16 கிலோபைட். அதே நிரலை ஸ்டேட்டிக் என்ற விருப்பத்தோடு, அதாவது நிலை இணைப்பாக, இணைத்துப் பார்த்தபோது என் கணினியில் 800 கிலோபைட்டைத் தாண்டியது.

மீதி வேலை நிரல் ஓடத் தொடங்கும்போது நடக்கிறது. லினக்ஸில் இயங்குதளத்தின் மையமான கர்னல் நிரலோடு லோடரையும் நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. லோடர் நூலகங்களைத் தேடி ஏற்றி, முகவரிகளை நிரப்பிய பிறகுதான் மெயின் ஓடுகிறது. ஒரு செயற்கூற்றின் முகவரியை அதன் முதல் அழைப்பின்போது கண்டுபிடித்துக்கொள்ளும் தாமத இணைப்பும் உண்டு. பிஎல்டி, ஜிஓடி என்று நாம் படிக்கும் அட்டவணைகள் அதற்கான ஏற்பாடுதான். இதைக் கணினியில் பார்க்க முயன்று நான் இரண்டு நாள் குழம்பினேன். உபுண்டுவில் பாதுகாப்புக்காக எல்லா முகவரிகளும் தொடக்கத்திலேயே நிரப்பப்பட்டுவிடுகின்றன. லிங்கருக்கு 'இசட் லேசி' என்ற விருப்பத்தைக் கொடுத்த பிறகுதான் புத்தகத்தில் இருந்தது என் திரையிலும் தெரிந்தது.

ஒரு மாலை ஒதுக்கி, நீங்களே ஒரு பகிர்வு நூலகம் செய்யுங்கள். ஓர் எண்ணைத் திருப்பித் தரும் ஒரே ஒரு செயற்கூறு போதும். எஃப்பிஐசி விருப்பத்தோடு மொழிபெயர்த்து, ஷேர்ட் விருப்பத்தோடு நூலகமாக்குங்கள். எந்த முகவரியில் ஏற்றினாலும் ஓடும்படி குறிமுறையை ஆக்குவது முன்னதன் வேலை. பல நிரல்கள் ஒரே நூலகத்தை வெவ்வேறு முகவரிகளில் வைத்துக்கொள்வதால் அது வேண்டியிருக்கிறது. பெரிய எல் விருப்பத்தில் உங்கள் அடைவைக் காட்டி நிரலை இணையுங்கள். பிழையின்றி முடியும். ஓடவிட்டால், நூலகத்தைத் திறக்க முடியவில்லை என்று நிற்கும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நீங்கள் அடைவைக் காட்டியது லிங்கருக்கு. லோடருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்பது லிங்கரின் முறையீடு, 'கேனாட் ஓப்பன் ஷேர்ட் ஆப்ஜெக்ட் ஃபைல்' என்பது லோடருடையது. இரண்டையும் ஒன்றாகக் கருதி இணைய விடைகளை மாற்றி மாற்றி ஒட்டியே நான் ஒரு பருவத்தை வீணாக்கினேன். எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறியில் அடைவைக் கொடுங்கள், ஓடும். பிறகு செயற்கூறு தரும் எண்ணை மாற்றி, நூலகத்தை மட்டும் மறுபடி உருவாக்குங்கள். நிரலைத் தொடவே வேண்டாம். புதிய எண் திரையில் வரும்போது, நூறு முறை எழுதிப் பார்த்த "மறு இணைப்பு தேவையில்லை" என்ற வரி முதன்முறையாக உங்களுக்குச் சொந்தமாகும்.

2003-ஆம் ஆண்டு கேட் என்ற பொறியியல் முதுகலை நுழைவுத் தேர்வில், பகிர்வு நூலகத்தின் நன்மை அல்லாதது எது என்று ஒரு கேள்வி வந்தது. விடை, நிரல் விரைவாகத் தொடங்குதல். மெயினுக்கு முன்பே லோடருக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று பார்த்தவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பயிற்சிக்கு முன் ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெறும் ஒரு வரியை அச்சிட்டு அடுத்த வரிக்குப் போகும் பிரிண்ட்எஃப் அழைப்பை ஜிசிசி கம்பைலர் சத்தமில்லாமல் புட்ஸ் என்ற வேறோர் அச்சிடும் செயற்கூற்றின் அழைப்பாக மாற்றிவிடும். ரீட்எல்ஃப் என்ற கருவி கொண்டு கோப்பின் குறியீட்டுப் பட்டியலைப் பார்த்தால் பிரிண்ட்எஃப் என்ற பெயரே இருக்காது. ஒரு மாறியின் மதிப்பையும் சேர்த்து அச்சிடுங்கள், பெயர் வந்துவிடும்.