குடூவின் முறுக்குக் கொம்பு

டெக்சாஸில் நான் முதன்முதலில் கிட்டத்தில் பார்த்த புள்ளிமான், ஒரு பிக்கப் வண்டியின் பின்பக்கம் செத்துக் கிடந்தது. நம்ம ஊர்ப் புள்ளிமானேதான். கிண்டியில் ஐஐடி வளாகத்துக்குள் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருக்குமே, அதே புள்ளி, அதே கொம்பு. "இது எப்படி இங்கே வந்தது?" என்று அலுவலக நண்பரிடம் கேட்டேன். 1932-இல் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்களாம். இங்கே அதன் பெயர் ஆக்சிஸ். ஊர்க்காரரான வெள்ளைவால் மான் மாநிலத்தின் சொத்து, அதைச் சுட உரிமம் வேண்டும், பருவம் பார்க்க வேண்டும். வந்தேறியான ஆக்சிஸுக்கு உரிமம் மட்டும் போதும், பருவம் எல்லாம் இல்லை. நில உரிமையாளர் சரி என்றால் வருஷம் முழுக்கச் சுடலாம். நானும் வந்தேறிதான் என்பதால் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

இந்த நண்பர்தான் என்னை நமீபியாவுக்கு இழுத்துக்கொண்டு போனவர். அதற்கு முன்னால் ஒரு நவம்பர் மாதம் அவருடைய டெக்சாஸ் வேட்டையையும் பார்த்துவிட்டேன். வேட்டை என்றால் நான் கற்பனை செய்திருந்தது வேறு. அங்கே கால் முளைத்த மரப்பெட்டி ஒன்று நிற்கிறது, உள்ளே சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. எதிரே நூறு கஜத்தில் மக்காச்சோளத் தொட்டி. காலை ஏழு மணிக்கு டைமர் அடித்ததும் தொட்டி விர்ரென்று சுற்றிச் சோளத்தை இறைக்கிறது. ரேஷன் கடை திறந்தது போல மான்கள் வருகின்றன. நண்பர் ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டு, எது வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சுட்டார், விழுந்தது. எட்டரைக்குக் காலை உணவுக்குப் போய்விட்டோம்.

கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த ஒரு மானின் இறைச்சி ஆறு மாதம் அவர் வீட்டு ஃப்ரீசரில் இருந்தது. அவருக்கே பெட்டிக்குள் உட்காரும் வேட்டையில் அலுப்புத்தான். மேற்கு மாநிலங்களின் மலைகளில் எல்க் மான் தேடி நடக்கலாம், ஆனால் நல்ல இடங்களுக்கு அனுமதிச்சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும். பத்து வருஷத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. கிடைத்தாலும் ஒரே ஒரு சீட்டு, ஒரே ஒரு மிருகம். "ஆப்பிரிக்காவில் காலையில் எழுந்ததும் இன்றைக்கு எந்தத் தடம் கண்ணில் படும் என்றே தெரியாது. அதற்குத்தான் போகிறேன்" என்றார்.

நான் துப்பாக்கி தொட மாட்டேன் என்ற ஒப்பந்தத்தோடு ஒரு ஜூன் மாதம் கிளம்பினோம். வேட்டைக்காரருடன் வருகிற, வேட்டையாடாத ஆளுக்கும் அங்கே தனி நாள் வாடகை இருக்கிறது. அதற்குப் பெயர் 'அப்சர்வர்'. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி ஒரு பதவி.

ஃபிராங்க்ஃபர்ட் வழியாக விண்ட்ஹூக். விமான நிலையம் ஊரிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, வெட்டவெளியில் இருக்கிறது. நண்பருடைய துப்பாக்கிப் பெட்டி எங்களோடு வந்து சேரவில்லை. ஒருநாள் காத்திருந்து வாங்கி, போலீஸ் கவுண்டரில் தற்காலிக அனுமதிக்கு வரிசை எண்களைச் சரிபார்த்து முத்திரை வாங்கினோம். அப்புறம் வடக்கே பி1 சாலையில் இருநூற்றைம்பது கிலோமீட்டர் போனால் ஒட்ஜிவாரொங்கோ. வழியெல்லாம் ஆள் உயரத்துக்கும் மேல் செக்கச்செவேலென்று கரையான் புற்றுகள். நம்ம ஊராக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசி, பால் ஊற்றியிருப்போம்.

பண்ணை வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் வாட்டர்பெர்க் மலை நீளமாக, மேலே சீவி விட்டது போலத் தெரிந்தது. 1904 ஆகஸ்டில் ஜெர்மானியக் காலனிப் படை உள்ளூர் ஹெரேரோ மக்களைச் சுற்றி வளைத்தது அந்த மலையடிவாரத்தில்தான். தப்பியவர்களைத் தண்ணீரில்லாத பாலைவனத்துக்குள் துரத்தினார்கள். பண்ணைக்காரர் ஜெர்மன் வம்சாவளி. முதல் நாள் மாலை மலையைக் காட்டி இதை அவரே சொன்னார், குரலை ஏற்றி இறக்காமல்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் குளிர் எலும்பைத் தொட்டது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நம்பிச் சென்ற எனக்குப் பண்ணைக்காரர் தன் கம்பளித் தொப்பியைக் கொடுத்தார். நாங்கள் நான்கு பேர்: நண்பர், உரிமம் பெற்ற வேட்டை வழிகாட்டி, நான், எங்களுக்கெல்லாம் முன்னால் தடம் பார்த்து நடக்கும் டிராக்கர். அங்கே வேட்டை வழிகாட்டியைப் பி.எச். என்றே கூப்பிடுகிறார்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டுக்காரர் அங்கே வேட்டைக்குப் போக முடியாது. டிராக்கர் டமாரா இனத்தவர், ஐம்பது வயதிருக்கும். நாக்கைச் சொடுக்கிப் பேசும் தாய்மொழி, பி.எச்.சோடு பேச ஆஃப்ரிகான்ஸ். கையில் துப்பாக்கி இல்லை. சட்டைப் பையில் ஒரு சின்னத் துணிமுடிச்சு மட்டும்.

அந்த முடிச்சுக்குள் அடுப்புச் சாம்பல். இருபது அடிக்கு ஒருமுறை அதை விரலால் சுண்டுவார். புகை போலக் கொஞ்சம் கிளம்பும், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். எங்கள் முகத்தின் மேல் வந்தால் சரி, நடக்கலாம். முதுகுப் பக்கமிருந்து முன்னால் போனால், கையை உயர்த்தாமல் விரலை மட்டும் ஆட்டி எல்லோரையும் வேறு பக்கம் சுற்றி அழைத்துப் போவார். முழு வேட்டையையும் அந்தச் சாம்பல்தான் நடத்தியது. ஆயிரக்கணக்கான டாலர் போட்டு வாங்கிய துப்பாக்கிக்கு நாள் முழுக்க வேலையே இல்லை.

தேடியது குடூ என்ற ஆப்பிரிக்க மான். சாம்பல் நிற உடம்பில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளைப் பட்டைகள், கடாவுக்கு இரண்டு மூன்று சுற்றாக முறுக்கிய கொம்பு. எடை இருநூறு கிலோவைத் தாண்டும். இத்தனை பெரிய மிருகம் முப்பதடியில் நின்றாலும் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். டிராக்கர் விரல் நீட்டிய இடத்தில் புதர் மட்டும்தான் தெரிந்தது. புதர் காதை ஆட்டியது.

நடப்பதற்கு முள் விடாது. அங்கே ஒரு மரத்துக்கு ஆஃப்ரிகான்ஸில் 'கொஞ்சம் நில்' என்றுதான் பெயர். ஒரு முள் நேராக, ஜோடி முள் கொக்கியாக. நேர்முள்ளிலிருந்து கையை இழுத்தால் கொக்கி பிடித்துக்கொள்ளும், நின்றுதான் விடுவிக்க வேண்டும். இலையைப் பார்த்ததும் எனக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம். நம்ம இலந்தையின் நெருங்கிய சொந்தம். தாத்தாவோடு முயலுக்குக் கண்ணி வைக்கப் போன காலத்தில் என் கால்சட்டையைக் கிழித்த அதே குடும்பம்.

இரண்டாம் நாள் ஒரு கடா நன்றாகவே காட்சி கொடுத்தது. எனக்கு அது பெரியதாகத் தெரிந்தது, நண்பர் மூன்று கால் கம்பில் துப்பாக்கியை வைத்துவிட்டார். பி.எச். தலையை ஆட்டிவிட்டார். இளசாம். இன்னும் மூன்று நான்கு வருஷம் இனம் பெருக்க வேண்டியது. கொம்பின் நுனி வெளிப்பக்கம் திரும்பி, தந்த நிறத்தில் தேய்ந்திருக்கும் கிழட்டுக் கடாதான் கணக்கு. நண்பர் முகம் தொங்கிப் போனாலும் அதை ரசித்தார் என்றுதான் நினைக்கிறேன். சோளத் தொட்டிக்கு முன்னால் அவரை யாரும் இப்படித் தடுத்ததில்லை.

அன்றிரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது பி.எச். எருமைக் கதைகளை எடுத்துவிட்டார். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை இந்த ஐந்தையும் 'பெரிய ஐந்து' என்று சஃபாரி விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். உருவத்தில் பெரியவை என்பதால் அல்ல, உருவம்தான் கணக்கு என்றால் சிறுத்தை எதற்கு, நீர்யானை அல்லவா வர வேண்டும். நடந்துபோய் வேட்டையாடும்போது திருப்பித் தாக்கி ஆளைக் கொல்லக்கூடியவை என்று பழைய வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல் அது. எருமையை ஐம்பது கஜத்துக்குள் போய்ச் சுட வேண்டும், அடி சரியாகப் படாவிட்டால் அது புதருக்குள் காத்திருந்து உங்களைத் தேடும் என்றார். நண்பர் கண் அகலக் கேட்டுக்கொண்டிருந்தார். முயலை வீழ்த்தியவனைவிட யானையைத் தவறவிட்டவன் மேல் என்று நாமும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1909-இல் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் பதவியை விட்டு இறங்கிய கையோடு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மொம்பாசாவில் வந்து இறங்கியதும் இந்த மயக்கத்தில்தான். அவர் போன கென்யாவில் 1977-இல் வேட்டையையே தடை செய்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சுட்டார். நூற்றைம்பது மீட்டர் இருக்கும். கடா முன்னங்காலை மடக்கி, எழுந்து, புதருக்குள் போய்விட்டது. யாரும் பேசவில்லை. அங்கே ஒரு விதி உண்டு: ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலே காசு. மிருகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் விலைப்பட்டியலில் உள்ள தொகையைக் கொடுத்தாக வேண்டும். குடூ ஒன்றின் விலையில் நம் ஊரில் நல்ல பைக் ஒன்று வாங்கலாம். ஆனால் நண்பர் காசைப் பற்றி நினைத்ததாகத் தெரியவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

டிராக்கர் ஒரு புல் தாளைக் கிள்ளி எடுத்தார். அதில் கடுகளவு ரத்தம். கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்து முகர்ந்தார். நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே விழுந்திருக்கும். பச்சையாக நாறினால் குடல், நாள் முழுக்க ஓடும். இது கருஞ்சிவப்பு. அரை மணி நேரம் உட்காரச் சொன்னார். விரட்டினால் ஓடும், விட்டால் படுக்கும். அப்புறம் மூன்று மணி நேரம் நடந்தோம். ரத்தம் நின்றுபோன இடத்துக்கு அப்பால் வெறும் குளம்புத் தடம், அதுவும் வேறு பத்து குடூக்களின் தடத்தோடு கலந்து. அவர் குச்சியால் ஒவ்வொரு தடத்தையும் தொட்டுத் தொட்டுப் போனார். ஒரு இடத்தில் திரும்பி வந்து, ஒரு கூழாங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்லின் ஈரப்பக்கம் மேலே இருந்தது. அந்தப் பக்கம் போனோம். மர நிழலில் கடா படுத்திருந்தது, தலை நிமிர்ந்து, எங்களைப் பார்த்தபடி. இரண்டாவது தோட்டாவை நான் பார்க்கவில்லை, திரும்பிக்கொண்டேன்.

வண்டியில் வந்து சேர்ந்த பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றினார். பக்கத்து மரத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்துக் கடாவின் வாயில் வைத்தார். ஜெர்மானிய வேட்டை வழக்கம், 'கடைசிக் கவளம்' என்று அர்த்தம் வரும் ஒரு சொல்லைச் சொன்னார். நம் வாய்க்கரிசி போலத்தான். டிராக்கர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பீடி சைஸில் ஒரு சிகரெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தச் சடங்கில் ஆர்வம் இல்லை.

கொம்பும் தோலும்தான் நண்பருக்கு. இறைச்சி பண்ணைக்கு. அன்றிரவே ஈரலை வெங்காயத்தோடு வதக்கித் தந்தார்கள். வேலைக்காரர்கள் குடும்பங்களுக்குப் பங்கு போனது, மிச்சம் பில்டாங்குக்குத் தொங்கியது. பில்டாங் என்பது உப்புக்கண்டமேதான், வினிகரில் நனைத்து, இடித்த கொத்தமல்லி விதை தூவிக் காயவைப்பது. வெளிநாட்டில் இத்தனை வருஷத்தில் மல்லி வாசம் இவ்வளவு நெருக்கமாக வந்தது அந்தக் கொட்டகையில்தான்.

பண்ணைக்காரர் கணக்கைத் திறந்து காட்டினார். அவர் அப்பா காலத்தில் குடூ என்றால் மாட்டின் தீவனத்தைத் தின்னும் தொல்லை, கண்டால் சுட்டுத் தள்ளினார்களாம். 1960-களின் கடைசியிலும் 1975-இலும் வந்த சட்டங்கள் நிலக்காரருக்கு மிருகத்தின் மேல் உரிமை கொடுத்தன. தொல்லை சொத்தாகிவிட்டது. 1996 சட்டத்துக்குப் பிறகு பொது நிலத்துக் கிராமங்களுக்கும் அதே உரிமை வந்தது. சரி, ஆனால் அதே சட்டத்தின் இன்னொரு முகத்தை நான்காம் நாள் வண்டியில் போகும்போது பார்த்தேன்: எட்டடி உயரக் கம்பிவேலி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. மூன்று நாளாக ஆதிகாடு என்று நினைத்து நடந்ததெல்லாம் வேலிக்குள்தான். டெக்சாஸ் வேலி கண்ணில் படும் தூரத்தில் இருந்தது, இது நடந்து தீராத தூரத்தில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னோடு பேசவில்லை.

திரும்பும் வழியில் ஒட்ஜிவாரொங்கோ பக்கத்தில் உள்ள சீட்டா கன்சர்வேஷன் ஃபண்ட் மையத்துக்குப் போனோம். சீட்டாவைச் சிறுத்தை என்று எழுதிக் குழப்ப வேண்டாம், சிவிங்கிப்புலி என்று நல்ல பெயர் இருக்கிறது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு வந்தனவே, அந்த ஏற்பாட்டில் இந்த மையத்துக்குப் பெரிய பங்கு. 1947-இல் இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கொரியா சமஸ்தானத்து மகாராஜா சுட்ட மூன்றுதான் இந்தியாவில் கடைசி என்கிறார்கள். வேட்டையைத் தடை செய்த நாடு, வேட்டை நடக்கும் நாட்டிலிருந்து அவற்றை வாங்கிக்கொண்டது. ஆட்டு மந்தையைக் காக்க இங்கே விவசாயிகளுக்குப் பெரிய காவல் நாய்க்குட்டிகளைத் தருகிறார்கள். நாய் குரைத்தால் சிவிங்கிப்புலி ஒதுங்கிவிடும், விவசாயி சுட வேண்டியதில்லை. பயணத்தில் எனக்கு மனசு நிறைந்த இடம் இதுதான், துப்பாக்கியே இல்லாத இடம்.

கிளம்புவதற்கு முந்தைய மாலை டிராக்கர், பி.எச். மூலமாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஊரில் எதை வேட்டையாடுவீர்கள்? ஒன்றும் கூடாது என்றேன். தோட்டத்துக்குள் பன்றி வந்தால்? வெடி போட்டு விரட்டுவோம், பழைய புடவையைக் கட்டி வைப்போம் என்றேன். மொழிபெயர்ப்பு முடிந்ததும் அவர் வெகுநேரம் சிரித்தார். பன்றி பயப்படுகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

கொம்பு எட்டு மாதம் கழித்து மரப்பெட்டியில் வந்து சேர்ந்தது. பதப்படுத்தும் கூலி, கப்பல் கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்து நண்பருக்கு மயக்கம் வராத குறை. வீட்டுக்குள் இடமில்லை என்று மனைவி சொல்லிவிட்டதால் கராஜில் தொங்குகிறது, புல்வெட்டும் இயந்திரத்துக்கு மேலே. போன வாரம் போன் செய்தார். அடுத்த வருஷம் எருமையாம், வடகிழக்கு மூலையில், ஆற்றோரம். வருகிறாயா என்றார். சாம்பல் பையை என்னிடம் கொடுப்பார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றேன்.