இரண்டாவது ஓடம்

ஜூலை 3
ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே அக்கா கேட்டாள், "எந்த நம்பருக்குடா போன் பண்ணினே?" 108-க்குத்தான் என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். விமானம் விழுந்து ஒரு மர்மத் தீவில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிய 'லாஸ்ட்' என்ற அமெரிக்க டிவி தொடரில் திரும்பத் திரும்ப வரும் எண்கள்: 4, 8, 15, 16, 23, 42. கூட்டினால் 108. இத்தனை வருஷம் கழித்தும் வரிசை மறக்கவில்லை. ஆக்ஸிஜன் மாட்ட வந்த பையன் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்தான்.

ஜூலை 4
ரிப்போர்ட் வரவில்லை.

ஜூலை 5
'லாஸ்ட்' முதலிலிருந்து போடு என்கிறாள். 121 எபிசோட். அவ்வளவு நாள் இங்கேயா இருக்கப்போகிறோம் என்று கேட்க வந்து, விழுங்கிவிட்டேன். பேரம் பேசி ஐந்தாவது சீசனில் ஆரம்பித்தோம். ஏன் ஐந்து என்று அவளும் கேட்கவில்லை. அந்த ஓடத்தை விட்டால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

ஜூலை 6
பார்த்தாயிற்று. போனைத் தலையணையில் சாய்த்து, ஆளுக்கு ஒரு காதில் இயர்போன்.

சாயர், ஜூலியட், லாக், மைல்ஸ், டேனியல், சார்லட், ஆறு பேரும் காலத்தில் முன்னும் பின்னும் தூக்கி வீசப்பட்டுப் பழைய கரைக்கு வருகிறார்கள். ஆள் இல்லை. மிதவைக்கட்டை வைத்த இரண்டு ஓடங்கள் கிடக்கின்றன. உள்ளே அஜீரா ஏர்வேஸ் தண்ணீர் பாட்டில். இந்தியக் கம்பெனி என்று ஜூலியட் சொல்லும்போது அக்கா வழக்கம்போல "நம்மாளு!" என்றாள். ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். பின்னாலேயே இன்னொரு ஓடம் துரத்துகிறது, சுடுகிறது. ஜூலியட் திருப்பிச் சுடுகிறாள். அந்தப் பக்கம் யார்மீதோ படுகிறது. உடனே வெளிச்சம், வேறு காலம். சாயர் கடவுளுக்கு நன்றி சொல்லி வாய் மூடுவதற்குள் புயல் மழை. சொன்னதை வாபஸ் வாங்குகிறான்.

சுட்டது யார்? குண்டு பட்டது யாருக்கு? 2009 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. 2010 மே மாதம் தொடரே முடிந்துவிட்டது. அந்தக் காட்சியை மறுபக்கத்திலிருந்து காட்டவே இல்லை. விடை தெரியும், ஆனால் எடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம் என்று தயாரிப்பாளர்கள் பின்னால் சொன்னார்கள். தெரிந்துகொண்டே சொல்லாமல் இருப்பவர்கள்மேல் இந்த வாரம் எனக்குத் தனிக் கோபம்.

ஜூலை 7, காலை
இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிஸ்டர் டெம்பரேச்சர் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார். தொடரில், நிறுத்தினால் என்ன ஆகும் என்று உறுதியாகத் தெரியாமலே 108 நிமிஷத்துக்கு ஒருமுறை பட்டன் அழுத்தும் டெஸ்மண்ட் மாதிரி. அழுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பது டெஸ்மண்டுக்காவது ஒருநாள் தெரிந்தது.

ஜூலை 7, இரவு
பெரியப்பா பையன் வந்தான். ஹார்லிக்ஸ், ஆப்பிள். போனில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "இதுல எல்லாரும் முதல்லயே செத்துட்டவங்கதானே?" என்றான். இந்த வார்டில், அவள் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு. வெளியே தள்ளியிருப்பேன். அக்காதான் பொறுமையாக விளக்கினாள்: கடைசி சீசனில் இணையாகக் காட்டும் இன்னொரு வாழ்க்கையும் அது முடியும் அந்தச் சர்ச்சும் மட்டும்தான் செத்த பிறகு. தீவில் நடந்தது எல்லாம் நிஜம் என்று கதாநாயகன் ஜாக்கின் அப்பாவே வாய்விட்டுச் சொல்கிறார். முடிவில் பெயர்கள் ஓடும்போது ஏபிசி சேனல் உடைந்த விமானத்தைக் காட்டித் தொலைத்தது, அதில்தான் ஊரே குழம்பியது.

அவன் போன பிறகு, "நீ ஏன்டா அவ்வளவு கோபப்படறே?" என்றாள். ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8
தூக்கமில்லாமல் யோசித்ததை எழுதிவிடுகிறேன்.

சுட்டது இலானா கூட்டம் என்பது என் பழைய கட்சி. துப்பாக்கி உண்டு, பின்னால் அஜீரா விமானத்தில் தீவுக்கு வந்தவர்கள். அக்கா உடனே மடக்கினாள்: இலானா வந்ததே, தீவின் காவலன் ஜேக்கப் தனக்கு வாரிசாகக் குறித்து வைத்த பட்டியலில் இருப்பவர்களைக் காப்பாற்ற. சாயர் 15-ஆம் எண். அவன்மேல் எதற்குச் சுடுவாள்?

ராத்திரி மூன்று மணிக்கு விடை வந்தது. அவர்கள் சுட்டது சாயரை இல்லை, லாக்கை! பின்னால் செத்துப்போன லாக்கின் பிணத்தைப் பெட்டியில் வைத்துத் தூக்கி வந்தவர்களே அவர்கள்தானே. லாக் உருவத்தில் நடமாடுவது கரும்புகை அரக்கன் என்று தெரிந்துவிட்டது. அப்படி இருக்கும்போது லாக் எதிரே துடுப்புப் போட்டுக்கொண்டு போனால்?

விடியும்வரை காத்திருந்து சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அதுக்குள்ள மைல்ஸ் அவங்க பக்கம் சேர்ந்தாச்சே. முன் ஓடத்துல அவன், பின் ஓடத்துலயும் அவனா? தன்னைத் தானே சுடுவானா? நினைப்பு இருக்காதா அவனுக்கு?"

மைல்ஸைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்றேன். ஒட்டவில்லை. எனக்கே தெரிகிறது.

ஜூலை 9
டாக்டர் நாளைக்கு என்றார். நேற்றும் நாளைக்கு என்றார்.

ஜூலை 10
சாப்பிடவில்லை. ரசம் மட்டும் இரண்டு ஸ்பூன்.

வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். தொடரில் வரும் லிபி ஞாபகம். தீவில் மாட்டிய இன்னொருவன் ஹர்லி முன்பு இருந்த அதே மனநல மருத்துவமனையில் அவளும் நோயாளியாக உட்கார்ந்திருப்பாள், ஒரே ஒரு காட்சி. எப்படி அங்கே போனாள், எப்போது வெளியே வந்தாள், கடைசிவரை கிடையாது. தீவில் சாப்பாட்டு மூட்டைகள் வானத்திலிருந்து விழுந்ததற்குப் பதில் வந்துவிட்டது: டிவிடியோடு வந்த 12 நிமிஷக் குறும்படத்தில், குவாம் தீவுக் கிடங்கில் இரண்டு பேர் விஷயம் தெரியாமலே வருஷக்கணக்காக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிலைப் பற்றி நானும் அக்காவும் ஒருநாள்கூடப் பேசியதில்லை. லிபியைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம்.

ஜூலை 11
காய்ச்சல் 101. ஆனால் பேச்சு நிற்கவில்லை. புதுத் தியரி!

ஜேக்கபின் பட்டியல் பெயர்களை டிகிரி வாரியாக எழுதி வைத்த தீவுக் கலங்கரை விளக்கத்தில் ஹர்லி திருப்பவேண்டிய 108-ஆம் டிகிரியில் ஒரு பெயர் இருக்கும்: வாலஸ். அடித்திருக்கும். யார் அந்த வாலஸ்? தொடரில் அப்படி ஒரு ஆளே வரவில்லை. "ரெண்டு கேள்வி, ஒரே பதில்" என்கிறாள் அக்கா. இரண்டாவது ஓடத்தில் இருந்தது வாலஸ். ஜூலியட் சுட்டாள், பெயரை அடித்துவிட்டார்கள்.

ஆதாரம்? "இல்லைன்னு நிரூபி பார்ப்போம்."

நாள் முழுக்க முயன்றேன். பட்டியலில் இருப்பவன் எதற்குச் சாயரைத் துரத்துகிறான் என்றேன். அவனுக்கென்ன பட்டியல் தெரியுமா என்றாள். சாயருக்கே அப்போது தெரியாதே. அதுவும் சரிதான்.

ஜூலை 12
மறுபடியும் அதே எபிசோட். ஓடத்தில் எத்தனை தலை என்று எண்ண நிறுத்தி வைத்திருந்தோம். கோப்பைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வருகிறார், கூட இன்னொருவர். அக்கா போனை மூடாதே என்கிறாள். அவள் கணக்கில் நாலு, என் கணக்கில்