ஃபார்மட் போடுவதற்கு முன்: ஐடி சப்போர்ட் அப்ரண்டிஸ் பயிற்சியில் கைக்கு வர வேண்டியவை

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கா? ஃபார்மட் போட்டுடலாம்." பிரிண்ட் வரவில்லையா, நெட் போகவில்லையா, அதற்கும் ஃபார்மட். நம் ஊர் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பல நேரம் பலனும் கிடைத்துவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. பழுது எதனால் வந்தது என்று தெரியாமலே மறைந்துவிடும், இரண்டு மாதத்தில் திரும்பி வரும். அந்தப் பழக்கம் கையில் ஏறுமுன்னே சோதனை செய்யும் வரிசையைக் கற்றுக்கொள்வதற்குத்தான் அப்ரண்டிஸ் காலம். ஐடிஐ, டிப்ளமோ, டிகிரி முடித்து இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காகிதம். தொழிற்பழகுநர் சட்டம் 1961-இன் கீழ் ஒப்பந்தம் போட்டு, அது அரசுத் தளத்தில் பதிவானால்தான் நீங்கள் பழகுநர், அதாவது அப்ரண்டிஸ். பதிவு இல்லையென்றால் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆள், அவ்வளவுதான். ஐடிஐ, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் பெரும்பாலும் நாப்ஸ் (தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம்) வழியாக வருவார்கள். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு நாட்ஸ் (தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டம்). தென் மாநிலங்களுக்கான அதன் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019-இல் திருத்திய விதிகள் வைத்த குறைந்தபட்ச மாத உதவித்தொகை: ஐடிஐ மற்றும் பன்னிரண்டாம் வகுப்புக்கு 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. சேரும் நாளில் நடப்பில் உள்ள தொகையைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நாப்ஸில் அரசின் பங்கு (உச்சம் 1,500 ரூபாய்) நேராகப் பழகுநரின் வங்கிக் கணக்குக்கு வரும், அதனால் ஆதாரோடு இணைத்த கணக்கு வேண்டும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடம் விரும்பினால் எடுக்கலாம். இரண்டு பேர் நடத்தும் கடை "அப்ரண்டிஸாகச் சேர்த்துக்கொள்கிறோம்" என்றால் அது இந்தச் சட்டத்துக்குள் வராது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை, ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் தவிர. கையெழுத்துக்கு முன் அந்தப் பகுதியைப் படியுங்கள்.

இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் என் ஓட்டு ஒரு கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ தொழிற்சாலைக்கோதான். இருநூறு கம்ப்யூட்டர், பத்து பிரிண்டர், நாலைந்து சுவிட்ச், யூபிஎஸ் அறை, பயோமெட்ரிக், சிசிடிவி என எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். நாள் முழுக்க பாஸ்வேர்டு ரீசெட் மட்டும் செய்யும் ஹெல்ப்டெஸ்க்கில் ஆறு மாதத்துக்கு மேல் கற்க ஒன்றும் இருக்காது.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்? ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் 1, 2 எண்களில், மல்டிமீட்டர், கிரிம்பிங் டூல் (நெட்வொர்க் கேபிளுக்கு முனை போட), கேபிள் டெஸ்டர், மதர்போர்டில் போடும் சிஆர்2032 பேட்டரி இரண்டு, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ரேம், ஒரு சாட்டா கேபிள் (டிஸ்க்கை போர்டோடு இணைப்பது), ஒரு பேட்ச் கார்டு (முனை போட்ட நெட்வொர்க் கேபிள்), விண்டோஸ் போட ஒரு பென்டிரைவ் (குறைந்தது 8 ஜிபி), பெயின்ட் பிரஷ், அழிரப்பர், டார்ச். உறுதியாகத் தெரிந்த பாகம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சந்தேகத்துக்குரிய ரேமைக் கழற்றி இன்னொரு சந்தேகத்துக்குரிய ரேமைப் போட்டுப் பார்ப்பதில் எந்த விடையும் கிடைக்காது.

ஆன் ஆகாத சிஸ்டத்திலிருந்து தொடங்குவோம். பிளக் பாயிண்டில் 230 வோல்ட் வருகிறதா, பவர் கார்டு நல்லதா என்று முதலில் பாருங்கள். அடுத்து எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி): போர்டிலிருந்து 24 பின் கனெக்டரைக் கழற்றி, அதில் உள்ள ஒரே பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றுவது மட்டும் போதாது, மீட்டர் வையுங்கள். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47. இதற்கு வெளியே போனால் எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டியதுதான். எல்லா வயரும் கறுப்பாக வரும் மாடல்களில் நிறத்தை நம்பாமல் பின் எண்ணைப் பாருங்கள், பச்சைக்குரியது 16-ஆம் பின். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை என்றால் பிராசசருக்குப் பக்கத்தில் உள்ள 4 அல்லது 8 பின் பவர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அசெம்பிள் செய்யும்போது மறந்துபோவது பெரும்பாலும் அதுதான். பிறகு ரேமைக் கழற்றி, தங்க நிற முனைகளை அழிரப்பரால் துடைத்து, ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் ஈரமும் உப்பும் சேர்ந்து இந்த முனைகள் சீக்கிரம் மங்கும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

சிஆர்2032 பேட்டரியை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது தீர்ந்தால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் சிஸ்டத்தின் தேதி பின்னால் போய்விடும். பயனர் சொல்லும் புகார் என்னவோ "எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, செக்யூரிட்டி எரர் வருகிறது" என்பதாக இருக்கும். சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவில்லை என்று பிரவுசர் நினைப்பதால் வரும் எரர் அது. டொமைனில் (ஒரே சர்வரின் கீழ் லாகின் நடக்கும் அலுவலக நெட்வொர்க்கில்) சேர்ந்த கம்ப்யூட்டரில் லாகின் சிக்கலும் வரும், ஏனென்றால் சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் நேர வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை ஏற்காது. சொற்ப விலைப் பேட்டரி ஒன்றை மாற்ற வேண்டிய இடத்தில் ஃபார்மட் போட்ட சிஸ்டங்கள் எத்தனையோ.

நெட்வொர்க்கில் வரிசைதான் எல்லாம். கேபிள் லைட் எரிகிறதா, ஐபி என்ன வந்திருக்கிறது, கேட்வேக்கு (வெளியே போகும் வழியான ரூட்டருக்கு) பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகிறதா, இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8-க்குப் போகிறதா, பிறகு ஒரு தளத்தின் பெயருக்குப் போகிறதா. ஐபி 169.254 என்று தொடங்கினால் ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரை அது எட்டவே இல்லை. பிரவுசரைக் குடைவது வீண். 8.8.8.8 பதில் தருகிறது, தளத்தின் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் பழுது டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவையில். இந்த ஐந்து கேள்விகளில் எது முதலில் "இல்லை" என்கிறதோ, பழுது அங்கேதான்.

கிரிம்பிங்கை இருபது முனையாவது போட்டுப் பழக வேண்டும். டி568பி என்ற நிலையான வண்ண வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கம்பி ஜோடிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள், வெளித்தோல் கனெக்டருக்குள் போய் அமுங்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வரிசையாக இருந்தால் எந்த வரிசையானால் என்ன என்று சிலர் சொல்வார்கள். தவறு. பச்சை ஜோடியைப் பிரிக்காமல் 3, 4-ஆம் பின்களில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும், ஆனால் சிக்னல் இரண்டு வெவ்வேறு ஜோடிகளின் கம்பிகளில் பிரிந்து ஓடுவதால் முறுக்கின் பலன் போய், வேகம் விழும், லிங்க் விட்டு விட்டு வரும். ஜிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ் மட்டுமே வந்தால் 4, 5, 7, 8-ஆம் பின்களில் ஏதோ ஒன்று தொடவில்லை. 100 வேகத்துக்கு 1, 2, 3, 6 போதும். மொத்த நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் சிசிஏ கேபிள் (செம்பு பூசிய அலுமினியம்) சிசிடிவி கேமராவுக்கு பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம்) கொடுக்க ஏற்றதல்ல: மின்தடை அதிகம், நீளம் கூடினால் வோல்டேஜ் குறைந்து இரவில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும்போது கேமரா ரீஸ்டார்ட் ஆகும்.

ஒரு மாடி முழுக்க திடீரென்று நெட் நின்றால் சுவிட்சைப் போய்ப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் வெறித்தனமாக மின்னினால், யாரோ ஒரு பேட்ச் கார்டின் இரண்டு முனையையும் அதே சுவிட்சில் சொருகியிருக்கிறார்கள். மேசை துடைத்தபின், சும்மா தொங்குகிறதே என்று சொருகிவிடுவது வழக்கம்.

"ஸ்லோ" புகாரில் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் ஸ்மார்ட் அளவுகளை (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் எண்கள்) பாருங்கள். 5, 197, 198 எண்களில் மதிப்பு ஏறியிருந்தால் டிஸ்க் சாகப்போகிறது. அப்போது செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கட்டளை) ஓட்டாதீர்கள். சாகும் டிஸ்க்கை முழுவதும் படிக்கவும் எழுதவும் வைத்தால் மீதித் தரவும் போகும். முதலில் காப்பி, அல்லது குளோன். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பழுது பெரும்பாலும் சாட்டா கேபிளில், டிஸ்க்கில் அல்ல.

உண்மையிலேயே ஃபார்மட் தேவைப்படும் இடமும் உண்டு: வைரஸ் ஊறிய சிஸ்டம், சிதைந்துபோன விண்டோஸ், கைமாறும் லேப்டாப். அதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவற்றில்தான் பலர் சறுக்குகிறார்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்கள் ஃபார்மட்டில் அழியும் சி டிரைவில்தான் இருக்கின்றன. அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல் (கம்ப்யூட்டரிலேயே இருக்கும் மெயில்) போனால் போனதுதான், ஓஎஸ்டி (சர்வர் மெயிலின் நகல்) சர்வரிலிருந்து திரும்ப இறங்கிவிடும். டேலி டேட்டா எந்தப் பாதையில் இருக்கிறது என்று டேலியிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிரவுசர் புக்மார்க், பிரிண்டரின் ஐபி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர் எல்லாம் பட்டியலில் வேண்டும். நம் அலுவலகங்களில் இன்னொன்றும் உண்டு: தமிழ் எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டதென்று அலுவலகமே பதறும். விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அவற்றைக் காப்பி செய்து வையுங்கள்.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரையும் மறக்கக் கூடாது. பயாஸ் அப்டேட் செய்வதற்கும் மதர்போர்டு மாற்றுவதற்கும் முன் அதை சஸ்பெண்ட் செய்யுங்கள். ரெக்கவரி கீ எங்கே சேமித்திருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த பூட்டில் 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது யாரிடமும் இல்லையென்றால் உள்ளே இருக்கும் தரவை எந்த நிபுணராலும் எடுக்க முடியாது.

பிரிண்டர் "ஆஃப்லைன்" என்று காட்டினால் பாதி நேரம் அதன் ஐபி மாறியிருக்கும். ரூட்டரில் அதற்கென ஒரு ஐபியை ஒதுக்கி, விண்டோஸ் தானாகச் சேர்க்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டுக்குப் பதில் டிசிபி/ஐபி போர்ட்டாகச் சேர்த்தால் அந்தப் புகார் நிற்கும். வரிசையில் சிக்கி நிற்கும் பிரிண்டுக்கு: பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் ஃபோல்டரைக் காலி செய்து, சர்வீஸை மறுபடி ஓடவிடுங்கள். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். 600 விஏ யூபிஎஸ் தாங்குவது ஏறக்குறைய 360 வாட். ஃபியூசர் (டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் பாகம்) சூடாகும் நொடியில் பிரிண்டர் அதைவிட அதிகம் இழுக்கும். கரண்ட் இருக்கும்போதே யூபிஎஸ் கத்தி ஆஃப் ஆகிறதென்ற புகாரில் முதலில் பின்னால் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு பேட்டரி: 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி லோடு கொடுத்ததும் 10.5-க்குக் கீழே சரிந்தால் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக டிக்கெட், அதாவது புகார்ப் பதிவு. பயிற்சி தரும் சீனியர்கள் இதைச் சொல்லித்தருவது குறைவு, எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. "நெட் வேலை செய்யவில்லை, சரி செய்யப்பட்டது" என்று மூடும் டிக்கெட் யாருக்கும் உதவாது. யாருக்கு, எந்த சிஸ்டத்தில், எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன மாறியது, திரையில் வந்த எரர் வரிக்கு வரி, எந்தச் சோதனை என்ன காட்டியது, காரணம், செய்த வேலை: இவ்வளவும் வேண்டும். "அதற்கு முன் என்ன மாறியது" என்ற ஒரு கேள்வி பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பாஸ்வேர்டு மாற்றிய மறுநாளிலிருந்து கணக்கு திரும்பத் திரும்ப லாக் ஆகிறது என்றால், பயனரின் போனில் உள்ள மெயில் ஆப்பும் விண்டோஸில் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரும் பழைய பாஸ்வேர்டை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. கேட்டால்தான் தெரியும். கேட்கும்போது, "சார், உங்க பாஸ்வேர்டு சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களையே தட்டச் சொல்லுங்கள். ரிமோட்டில் போகும்போது திரையில் திறந்திருப்பதை மூடச் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

தனியாக ஒரு நோட்டில் பழுது, காரணம், தீர்வு மூன்றையும் தேதியோடு எழுதி வாருங்கள். நிறுவனத்தின் ஐபி, பாஸ்வேர்டு, ஆட்களின் பெயர் எதுவும் அதில் வேண்டாம். தேசியப் பழகுநர் சான்றிதழோடு அந்த நோட்டையும் நேர்காணலுக்கு எடுத்துச் செல்லுங்கள், "169.254 வந்தால் என்ன செய்வாய்" என்ற கேள்விக்கு அதைப் புரட்டவே வேண்டியிருக்காது.